வாழைப்பட்டைக்குள் இருக்கும் அறைகள்: சிறிய கலைக் குயில்ட் தைக்க முழுமையான வழிகாட்டி

குலை வெட்டிய வாழையின் தடையை (பட்டைகள் சுற்றிய அடிமரத்தை) குறுக்கே அரிந்து பாருங்கள். வெளியே வழவழவென்ற தோல். உள்ளே ஒவ்வொரு பட்டையிலும் பிறைபோல வளைந்த ஒரு வரிசைக் காற்றறைகள், அவற்றுக்கிடையே மெல்லிய சுவர்கள். அப்படிப்பட்ட ஒரே ஒரு பட்டையின் வெட்டுமுகத்தை 30 செ.மீ. அகலம், 24 செ.மீ. உயரமுள்ள, வீட்டுச் சுவரில் மாட்டும் துணியாகக் கையால் தைக்கும் முறை இது.

குயில்ட் என்பது மூன்று அடுக்கு: மேல் துணி, நடுவில் பஞ்சு, அடியில் ஒரு துணி. மூன்றையும் ஊடுருவித் தைத்ததும் தையல் விழுந்த இடம் பள்ளமாகும், விழாத இடம் மேடாக எழும்பும். நிறம் பாதிப் படம்தான் காட்டும். மீதியைக் காட்டுவது இந்தப் பள்ளமும் மேடும். எனவே எங்கே தைப்பது என்பதைவிட எங்கே தைக்காமல் விடுவது என்பதுதான் முதல் முடிவு. இந்தத் துண்டில் அறைகள் பள்ளம், சுவர்கள் மேடு. பஞ்சு சேர்த்த பிறகு சுவரில் ஊசி இறங்கக் கூடாது. கீழே சொல்லியிருக்கும் வரிசையெல்லாம் இதைக் காப்பாற்றத்தான்.

## 1. முன்கூட்டியே சேர்க்க வேண்டியவை

ஐந்து துணிகளுக்கும் பெயர் வைத்துக்கொள்வோம், பின்னால் குழப்பம் வராது.

- பட்டைத் துணி (பட்டையின் சதையும் சுவரும்): 28 × 16 செ.மீ.
- அறைத் துணி (அறைகளுக்குள் தெரியும் அடர்நிறம்): 28 × 16 செ.மீ.
- பின்னணித் துணி: 36 × 30 செ.மீ.
- பஞ்சு ஷீட்: 40 × 34 செ.மீ.
- அடித்துணி: 40 × 34 செ.மீ.

இவை தவிர, விளிம்புக்கு 5 செ.மீ. அகலமும் 70 செ.மீ. நீளமும் உள்ள இரண்டு நாடாக்கள், தொங்கவிடும் குழாய்க்கு 27 × 12 செ.மீ. துண்டு ஒன்று.

முதல் மூன்றுக்கும் டூ பை டூ ரவிக்கைத் துணி நன்றாக வரும். நெசவு நெருக்கமாக இருப்பதால் விளிம்பை மடிக்கும்போது பிசிறு குறைவு. நாகர்கோவிலோ தக்கலையோ மார்த்தாண்டமோ, எந்த ஜவுளிக்கடைக்குப் போனாலும் ஒரே பச்சையில் பத்துப் பச்சை எடுத்துப் போடுவார்கள். மல் துணி வேண்டாம்: 4 மி.மீ. மடிப்பில் அது நூல் நூலாகக் கழன்றுவிடும். தடித்த கைத்தறியும் வேண்டாம், சிறிய வளைவுகளில் மடியாது.

அடித்துணிக்குத் துவைத்துத் துவைத்து மெலிந்த பழைய வேட்டியைவிடச் சிறந்தது கிடையாது, ஊசி வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கும். கரையை மட்டும் வெட்டி எறிந்துவிடுங்கள். அங்கே நெசவு அடர்த்தி, ஊசி வளையும்.

பஞ்சில்தான் பலரும் தவறுகிறார்கள். தேவை மெல்லிய பாலியஸ்டர் பஞ்சு ஷீட், அழுத்தாத நிலையில் அரை செ.மீ. தடிமனுக்கு மேல் போகாதது. தலையணையில் அடைக்கும் இலவம்பஞ்சு ஷீட்டாக நிற்காது, ஒரு மூலைக்கு ஓடி உருண்டையாகும். மெத்தை ஸ்பஞ்சு இஸ்திரிச் சூட்டில் உருகும், சில வருடங்களில் தூளாகவும் உதிரும். பஞ்சு ஷீட் கிடைக்காவிட்டால் பழைய தோர்த்தை (மெல்லிய குளியல் துண்டை) இரண்டாக மடித்து வைக்கலாம். மேடு குறைவாக எழும்பும், ஆனால் கெட்டுப்போகாது.

ஊசி இரண்டு வகை வேண்டும்: மடித்துத் தைக்கவும் குயில்ட் தைக்கவும் 9 நம்பர் கைத்தையல் ஊசி, முடிச்சுத் தையலுக்கு 7 நம்பர் எம்பிராய்டரி ஊசி. கை ஊசியில் நம்பர் கூடக் கூட ஊசி மெலியும். மெஷின் ஊசியில் இது தலைகீழ். மெஷின் பழகியவர்கள் கடையில் பெரிய ஊசியைக் கேட்பதாக நினைத்துச் சிறியதை வாங்கி வருவது இதனால்தான்.

நூல்: பட்டைத் துணியின் நிறத்தில் காட்டன் தையல் நூல், ஆங்கர் எம்பிராய்டரி நூல் மூன்று நிறம். ஆங்கர் நூல் ஆறு இழை கொண்டது, எவ்வளவு தடிமன் வேண்டுமோ அவ்வளவு இழையைப் பிரித்துக்கொள்ளலாம். தையல் நூல் முறுக்கிக்கொள்ளாமலிருக்க ஒரு துண்டு தேன்மெழுகு. மார்த்தாண்டம் பக்கம் தேனீ வளர்ப்பவர்களிடம் கேட்டால் கிடைக்கும். எம்பிராய்டரி நூலுக்கு மெழுகு பூசாதீர்கள், பளபளப்பு போய்விடும், அழுக்கும் ஒட்டும்.

குண்டூசி துருப்பிடிக்காத ஸ்டீலாக இருக்கட்டும். கடலோர ஊர்களில், அதுவும் மழை மாதங்களில், சாதாரண குண்டூசியை இரண்டு ராத்திரி துணியில் விட்டால் காவிப் பொட்டு விழும். எலுமிச்சை தேய்த்தால் கறை மங்கும், கூடவே துணியின் சாயமும் மங்கும்.

## 2. துணியை நனைத்துக் காயவைத்தல்

ஐந்தையும் வெட்டுவதற்கு முன்பே தண்ணீரில் நனைத்து, நிழலில் காயவைத்து, இஸ்திரி போடுங்கள். (பாலியஸ்டர் பஞ்சை நனைக்க வேண்டாம், தோர்த்து என்றால் கட்டாயம் நனைக்க வேண்டும்.) புதுத் துணி சுருங்கும், பழைய வேட்டி சுருங்காது. நனைக்காமல் தைத்து, பிறகு எப்போதாவது ஈரம் பட்டால் மேல் துணி மட்டும் சுருங்கி, துண்டு முழுக்க அப்பளம்போல வளையும்.

அறைத் துணியைத் தனியாக நனையுங்கள். அடர்நிறம்தான் சாயம் விடும். நனைத்த தண்ணீர் நிறமாக இருந்தால், தெளிந்த தண்ணீர் வரும்வரை அலசுங்கள். இரண்டு மூன்று தடவைக்குப் பிறகும் சாயம் விடுகிறது என்றால் அந்தத் துணியைக் கைவிடுங்கள்.

## 3. பட்டையை வெட்டி அச்சு எடுத்தல்

வாழை விளையில் (தோட்டத்தில்) குலை வெட்டி முடித்த தடை ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். ஏத்தன், ரசகதலி, பேயன் எதுவானாலும் சரி. செந்துளுவன் கிடைத்தால் கூடுதல் லாபம்: பட்டையின் வெளிப்புறம் சிவந்திருக்கும், நிறத் திட்டம் தானாகவே அமையும்.

நடுவில் இருக்கும் வெள்ளைத் தண்டு நமக்கு வேண்டாம், அது கூட்டுக்கு. அதில் இந்த அறைகள் கிடையாது. வேண்டியது அதைச் சுற்றியிருக்கும் பட்டைகள்தான். வெளியே உள்ள இரண்டு மூன்று பட்டைகள் காய்ந்து கிழிந்திருக்கும். உள்ளே போகப்போக அறைகள் மிகச் சிறுத்துவிடும். நடு அடுக்கில், 15 முதல் 16 செ.மீ. அகலமுள்ள பட்டையாகப் பார்த்து உரித்தெடுங்கள்.

நன்றாகத் தீட்டிய மெல்லிய கத்தியால், நேர் குறுக்காக, ஒரே இழுப்பில் வெட்டி 2 செ.மீ. தடிமனுள்ள வில்லை எடுங்கள். வெட்டுகத்தியால் ஓங்கி வெட்டினால் சுவர்கள் நசுங்கும், அறைகள் எல்லாம் கோடாகிவிடும். சாய்த்து வெட்டினால் அறைகள் நீண்டு, வடிவம் பொய்யாகும்.

சில வில்லைகளில் அறையின் வாயை வெள்ளை வலைபோன்ற ஒரு ஜவ்வு மூடியிருக்கும். அறைகள் பட்டையின் நீளத்துக்கு ஓடும் குழாய்கள். இடையிடையே இந்த ஜவ்வுகள் குறுக்குத் தடுப்பாக நிற்கும். கத்தி அதன்மேல் விழுந்துவிட்டது, அவ்வளவுதான். ஒரு விரல் தள்ளி மறுபடி வெட்டுங்கள். ஜவ்வு விழுந்த வில்லையைத் தூக்கிப் போடாமல் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள், 9-ஆம் படியில் அது உதவும்.

வெட்டிய முகத்தில் நீர் ஊறிக்கொண்டே இருக்கும். பழைய துணியால் ஒற்றியெடுத்து, ஸ்டாம்ப் பேடில் அழுத்தி, வெள்ளைத் தாளில் பதியுங்கள். முதல் இரண்டு அச்சு மை கூடி அப்பும். மூன்றாவது நான்காவது தெளிவாக விழும். இந்த வேலையைத் தள்ளிப்போடக் கூடாது, கொஞ்ச நேரத்திலேயே வெட்டுமுகம் கறுத்துவிடும். தைக்கப்போகும் துணி அந்தப் பக்கமே வர வேண்டாம். வாழைக்கறை பட்ட வேட்டியின் கதை எல்லா வீட்டிலும் தெரிந்ததுதான்.

## 4. அச்சைத் தைக்கக்கூடிய படமாக மாற்றுதல்

ஜெராக்ஸ் கடையில் ஏ4 தாளை ஏ3-ஆகப் பெருக்கச் சொல்லுங்கள். அது 141 சதவீதம்; 15.6 செ.மீ. பிறை 22 செ.மீ. ஆகிவிடும். இந்தத் துண்டுக்கு அந்த அளவுதான் வேண்டும்.

இனி எளிமையாக்க வேண்டும். உங்கள் அச்சில் அறைகள் எவ்வளவு இருந்தாலும் ஏழாகக் குறையுங்கள். நடு அறை பெரியது, இரு ஓரமும் போகப்போகச் சிறியது, இயற்கையிலும் அப்படித்தான். அகலங்கள் நடுவிலிருந்து ஓரத்துக்கு: 2.4, 2.0, 1.6, 1.2 செ.மீ. உயரங்கள் அதே வரிசையில்: 3.4, 3.0, 2.4, 1.6 செ.மீ. நான்கு மூலையும் உருண்டையாக இருக்கட்டும். கூர்மூலை வரைந்தால் அந்த இடத்தில் மடிக்கத் துணி மிஞ்சாது, பிசிறு வெளியே வரும்.

சுவர்தான் முக்கியம். உண்மையான பட்டையில் சுவர் மிக மெல்லியது. அதை அப்படியே 3 மி.மீ. கோடாக வரைந்துவிட்டு, வெட்டிய பிறகுதான் புதியவர்கள் விழிப்பார்கள். இரண்டு பக்கத்து அறைகளிலிருந்தும் 4 மி.மீ. வீதம் துணி இந்தச் சுவருக்கு அடியில் மடிய வேண்டும். ஆக 8 மி.மீ. எனவே சுவர் குறைந்தது 1 செ.மீ. இருந்தாக வேண்டும். ஆறு சுவர், ஏழு அறை சேர்த்து 18 செ.மீ.; இரு நுனிக்கும் 2 செ.மீ. வீதம் விட்டால் மொத்தம் 22.

பிறையின் வெளிவளைவில், அதாவது கீழ்ப்பக்கத்தில், 1.5 செ.மீ. சதை விடுங்கள். உள்வளைவில் 8 மி.மீ. போதும். இரண்டையும் சமமாக வரைந்துவிட்டால் பட்டை என்று யாருக்கும் தோன்றாது. ரயில் பெட்டி வளைந்ததுபோல இருக்கும்.

முடித்த படத்தைக் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் தடிப்பாக வரைந்து வைத்துக்கொள்ளுங்கள்.

## 5. நிறம் தேர்தல்

அறை என்பது வெற்றிடம். அது உள்வாங்கித் தெரிய வேண்டுமானால் மூன்று துணியின் நிறத்திலும் அடர்த்தியானது அதுவாக இருக்க வேண்டும்: கரும்பச்சை, கத்தரிப்பூ, கருநீலம், இவற்றில் ஒன்று. பட்டைத் துணி இளம்பச்சை அல்லது சந்தன நிறம். பின்னணி இரண்டுக்கும் நடுவில். செம்மண் நிறம் வைத்தால் விளையிலிருந்து பிடுங்கி வந்ததுபோல நிற்கும்.

மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து போனில் கறுப்பு வெள்ளையில் படம் எடுங்கள். இரண்டு துணிகள் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் ஒன்றை மாற்ற வேண்டும். பச்சையும் சிவப்பும் கண்ணுக்கு வேறுவேறாகத் தெரியும், தூரத்தில் ஒன்றாகக் கலந்துவிடும்.

இன்னொரு சோதனை: பட்டைத் துணியை அறைத் துணியின்மேல் விரித்துப் பாருங்கள். அடர்நிறம் மேலே கசிந்து தெரிகிறதா? தெரிந்தால் பட்டைத் துணியைப் பாப்ளினாக மாற்றுங்கள், அல்லது ஒரு படி அடர்ந்த நிறத்துக்குப் போங்கள். தைத்து முடித்த பிறகு இதற்கு வைத்தியம் கிடையாது.

## 6. அறைகளைத் திறத்தல்

இது உள்வெட்டு அப்ளிக். மேல் துணியின் மீது துண்டு ஒட்டுவதில்லை. மேல் துணியை வெட்டித் திறந்து, அடியில் உள்ள துணியை வெளியே காட்டுகிறோம். ஏழு சிறு துண்டுகளை வெட்டி வரிசையாக ஒட்டுவதைவிட இது சுலபம். இடைவெளி தவறாது.

படம் மாற்றுதல். பகலில் ஜன்னல் கண்ணாடியில் படத்தை ஒட்டி, அதன்மேல் பட்டைத் துணியை ஒட்டி, கூர்மையான பென்சிலால் மெல்ல வரையுங்கள். துணியின் பாவு நூல் சுவர்களின் திசையில் நிற்கட்டும். சாய்ந்து கிடந்தால் சுவர்கள் இழுபட்டு நெளியும். தண்ணீரில் அழியும் நீலப் பேனா பயன்படுத்தினால், கோட்டைக் கழுவும்வரை இஸ்திரி படக் கூடாது. சூடு பட்டால் கோடு நிலைத்துவிடும். ஆபீஸ் கார்பன் தாள் வேண்டவே வேண்டாம்.

இணைத்தல். பட்டைத் துணியை அறைத் துணியின்மேல் வைத்து, இரண்டும் நேர்ப்பக்கம் மேலே பார்க்க, ஒவ்வொரு சுவரின் நடுவிலும் பெருந்தையல் (பிறகு பிரித்துவிடும் நீண்ட தற்காலிகத் தையல்) ஓட்டுங்கள். பிறையின் வெளிக்கோட்டுக்கு உள்ளேயும் ஒரு சுற்று. குண்டூசி மட்டும் குத்திவிட்டு ஆரம்பித்தால், மூன்றாவது அறைக்கு வருவதற்குள் துணி நகர்ந்திருக்கும்.

வெட்டுதல். ஒரு நேரத்தில் ஒரு அறை மட்டும். ஏழையும் முதலிலேயே வெட்டித் திறந்தால் துணி சல்லடையாகத் தொய்ந்துவிடும். நடு அறையில் தொடங்குங்கள். மேல் துணியை மட்டும் கிள்ளித் தூக்கி, சிறு கத்தரியின் நுனியால் ஒரு துளை போட்டு, பென்சில் கோட்டுக்கு 4 மி.மீ. உள்ளே தள்ளி வெட்டி எடுங்கள். ஓரத்துச் சிறிய அறைகளுக்கு 3 மி.மீ. போதும். மூலை வளைவுகளில் மூன்று நான்கு சிறு வெட்டுகள் கொடுக்க வேண்டும், கோட்டுக்கு 1 மி.மீ. முன்பே நிறுத்திவிட வேண்டும். வெட்டாவிட்டால் வளைவு முனை முனையாக நிற்கும். கோடுவரை வெட்டினால் ஓட்டை விழும்.

மடித்துத் தைத்தல். ஊசி நுனியால் விளிம்பை உள்ளே தள்ளி, பென்சில் கோடு மறையும்வரை மடித்து, இடது கட்டைவிரலால் அழுத்திப் பிடியுங்கள். ஒரே சமயத்தில் 1 செ.மீ. மட்டும் மடிக்க வேண்டும். ஊசி மடிப்பின் ஓரத்தில் நூல் இரண்டு எடுத்து வெளியே வந்து, நேர் எதிரே அறைத் துணியில் இறங்கட்டும். தையலுக்குத் தையல் 2 மி.மீ., மூலையில் இன்னும் நெருக்கம். ஒற்றை நூல், பட்டைத் துணியின் நிறத்தில். ஒரு முழத்துக்கு மேல் நூல் கோர்க்காதீர்கள், பூ அளக்கிற அதே முழம்தான். நீண்ட நூல் துணிக்குள் போய்ப் போய் நைந்து அறுந்துவிடும்.

முதல் அறைக்கு அரை மணி நேரம் ஆனாலும் கவலை வேண்டாம். அது தவறாகப் போனாலும் பெரிய நஷ்டமில்லை, அளவு கொஞ்சம் பெரிதாக்கி மறுபடி மடிக்கலாம். பழைய சாரத்துணியில் (லுங்கியில்) இரண்டு அறை போட்டுப் பழகிவிட்டு வந்தால் இன்னும் நல்லது.

## 7. பிறையைப் பின்னணியில் பொருத்துதல்

ஏழு அறையும் முடிந்ததும் பெருந்தையலைப் பிரித்துவிட்டு, பிறையின் வெளிக்கோட்டுக்கு 6 மி.மீ. வெளியே பட்டைத் துணியை வெட்டுங்கள். பிறகு திருப்பிப் போட்டு, அறைத் துணியை மட்டும் கோட்டுக்கு 3 மி.மீ. உள்ளே இருக்கும்படி வெட்டி எடுங்கள். இதை விட்டுவிட்டால் விளிம்பில் இரண்டு துணி சேர்ந்து மடிந்து கட்டியாக நிற்கும்.

பின்னணித் துணியின் நடுவுக்குச் சற்றுக் கீழே பிறையை வையுங்கள், நுனிகள் மேல்நோக்கி. நட்டநடுவில் வைத்தால் சிரித்த வாய் மாதிரி இருக்கும்! ஒரு பக்கம் இலேசாகச் சாய்த்துவிட்டால் அந்தத் தொல்லை தீரும்.

உள்வளைவில் 1 செ.மீ.க்கு ஒன்றாகச் சிறு வெட்டு கொடுங்கள். வெளிவளைவில் வெட்டே வேண்டாம். கூர் நுனியில் முதலில் நுனியை நேராக மடித்து, பிறகு இரு பக்கத்தையும் மடிக்க வேண்டும். பக்கங்களை முதலில் மடித்தால் நுனித் துணி காதுபோல வெளியே நீட்டும்.

தைத்து முடித்ததும் பின்புறம் திருப்பி, பிறைக்கு அடியில் இருக்கும் பின்னணித் துணியைத் தையலிலிருந்து 8 மி.மீ. விட்டு வெட்டி எடுத்துவிடுங்கள். மேல் துணியும் சேர்ந்து கத்தரிக்குள் வந்துவிடாமல் கிள்ளித் தூக்கி வெட்ட வேண்டும். அந்த அடுக்கு உள்ளே கிடந்தால் குயில்ட் தைக்கும்போது ஊசி நான்கு அடுக்கைத் தாண்ட வேண்டியிருக்கும், தையல் சிறியதாக வராது.

## 8. நார்ப் புள்ளிகள்

பட்டையின் வெளித்தோலை ஒட்டிய சதையில் நெருக்கமாகப் புள்ளிகள் தெரியும். அவை நார்க்கற்றைகள், தோவாளையில் பூக்கட்டும் வாழைநார் பட்டையின் இந்தப் பகுதியிலிருந்து வருவதுதான். கீழே விட்ட 1.5 செ.மீ. அதற்கான இடம்.

ஆங்கர் நூலில் இரண்டு இழை எடுத்து, 7 நம்பர் ஊசியில் முடிச்சுத் தையல் போடுங்கள், ஊசியைச் சுற்றி இரண்டு சுற்று. தோலை ஒட்டி நெருக்கமாகவும் அறையை நோக்கிப் போகப்போக விலகியும் விழட்டும். வரிசை பிடித்துப் போட்டால் பாவாடைக் கரை ஆகிவிடும். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் எம்பிராய்டரி பழகிய கைகள் அதிகம்; அந்தக் கைகளுக்குத்தான் இந்த ஒழுங்கின்மை சிரமம்.

இதைப் பஞ்சு சேர்ப்பதற்கு முன்பே செய்துவிட வேண்டும். பஞ்சு சேர்த்த பிறகு போட்டால் ஒவ்வொரு முடிச்சும் துணியைக் கீழே இழுக்கும், சதைப்பகுதி பள்ளமாகிவிடும்.

## 9. அடுக்கிக் குயில்ட் தைத்தல்

மேல் துணியைப் பின்புறத்திலிருந்து இஸ்திரி போடுங்கள். இஸ்திரிப்பெட்டிக்கு இதுதான் கடைசி வேலை. பஞ்சு சேர்ந்த பிறகு சூடு பட்டால் பாலியஸ்டர் அமுங்கிவிடும்.

அடித்துணியை மேஜையில் விரித்து, நான்கு பக்கமும் டேப் ஒட்டுங்கள். சுருக்கமில்லாமல் இருந்தால் போதும், இழுத்துப் பிடிக்கக் கூடாது. இழுத்து ஒட்டினால், எடுத்த பிறகு அது பழைய அளவுக்குத் திரும்பி மேல் துணியைச் சுருக்கிவிடும். அதன்மேல் பஞ்சு, அதன்மேல் மேல் துணி. நடுவிலிருந்து வெளியே, 6 செ.மீ. இடைவெளியில் பெருந்தையல், நீளவாக்கிலும் குறுக்கிலும்.

இப்போது ஓடு தையல், நடு அறையில் ஆரம்பம். ஓரத்தில் ஆரம்பித்தால் தளர்வெல்லாம் நடுவில் வந்து குமிழியாக நிற்கும், அதை எங்கும் தள்ள முடியாது. நூலின் முடிச்சை மேலே விடாதீர்கள். ஊசியைச் சற்றுத் தள்ளிக் குத்தி, நூலை மெதுவாகச் சுண்டினால் முடிச்சு துணிக்குள் போய்ப் பஞ்சில் சிக்கிக்கொள்ளும்.

முதல் சுற்று, ஒவ்வொரு அறைக்குள்ளும் மடிப்பை ஒட்டி. ஊசி அறைத் துணியில் மட்டும் இறங்க வேண்டும், சுவரில் ஏறவே கூடாது. இந்த ஒரு சுற்றுக்கே சுவர்கள் எழுந்து நிற்பது தெரியும்.

இரண்டாவது, அறைக்குள் நிரப்புதல். 3-ஆம் படியில் ஜவ்வின் போட்டோ எடுத்தீர்களே, அதைப் பார்த்து 3 முதல் 4 மி.மீ. இடைவெளியில் மெல்லிய வலை ஓட்டுங்கள். அறைத் துணியின் நிறத்தைவிட ஒரு படி வெளிறிய நூல், ஒற்றை இழை. நெருங்கிய தையல் பஞ்சை அமுக்கும், அறை இன்னும் ஆழமாகும். சில அறைகளை வலையில்லாமல் விடலாம் என்று தோன்றும். ஒன்றை மட்டும் விடுங்கள். அதற்கு மேல் விட்டால் பள்ளம் ஒரே சீராக இருக்காது.

மூன்றாவது, பிறையின் வெளிவிளிம்பை ஒட்டிப் பின்னணியில் ஒரு சுற்று, இரண்டு இழை நூலில். அதற்கு வெளியே பிறையின் வளைவையே பின்பற்றி அலை அலையாகக் கோடுகள்: முதல் கோடு 5 மி.மீ. தள்ளி, அடுத்தது 8, அதற்கடுத்து 12. அதன் பிறகு துண்டின் ஓரம்வரை 12-ஐத் தாண்ட வேண்டாம். பின்னணியை வெறுமையாக விட்டு அறைகளை மட்டும் நெருக்கித் தைத்தவர்களின் துண்டு சுவரில் தட்டையாக நிற்காது. நெருங்கிய இடம் சுருங்கும், வெறும் இடம் சுருங்காது. அந்த வித்தியாசம் ஓரத்தில் அலையாக வெளிவரும்.

தையலின் அளவைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். 2.5 செ.மீ.க்கு ஆறு தையல் வந்தால் நல்லது, ஐந்து வந்தாலும் குற்றமில்லை. ஒன்று சிறியது ஒன்று பெரியது என்று மாறி மாறி வருவதுதான் கண்ணை உறுத்தும். ஊசியைத் தள்ளும் நடுவிரலில் விரலுறை போட்டுக்கொள்ளுங்கள். துணியில் ரத்தப் பொட்டு விழுந்தால் உடனே பச்சைத் தண்ணீரால் ஒற்றுங்கள். வெந்நீர் பட்டால் கறை தங்கிவிடும்.

வளையம் மாட்டித் தைப்பதானால், ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள். மறந்தால் வட்டத் தழும்பு விழும், பஞ்சும் அந்த இடத்தில் அமுங்கிப்போகும்.

## 10. தட்டையாக்கி வெட்டுதல்

பெருந்தையலைப் பிரியுங்கள். 36 செ.மீ. இருந்த மேல் துணி இப்போது 35 அளவுக்கு வந்திருக்கும், அதற்காகத்தான் ஆரம்பத்தில் மிச்சம் விட்டது. தண்ணீர் தெளித்து இலேசாக ஈரமாக்கி, தடித்த துண்டின்மேல் விரித்து, மூலைகளைச் சதுரமாக இழுத்துக் குண்டூசி குத்தி, மின்விசிறிக்கடியில் ஒரு நாள் காயவையுங்கள். அடைமழை நாளில் இரண்டு நாள் விடுங்கள். உள்ளே பஞ்சில் ஈரம் நின்றால் பூஞ்சை வரும்.

நன்றாகக் காய்ந்த பிறகே 30 × 24 செ.மீ. குறித்து வெட்ட வேண்டும். ஈரத்தோடு வெட்டினால் காய்ந்ததும் அளவு மாறும். மூலைமட்டம் வைத்து ஒரு பக்கத்தை வெட்டி, அதிலிருந்தே மற்ற மூன்றையும் அளக்க வேண்டும். மூலைவிட்டங்கள் இரண்டும் சமமாக, ஏறக்குறைய 38.4 செ.மீ. வந்தால் சதுரம் சரி.

## 11. குழாயும் விளிம்பும்

குழாய் முதலில், விளிம்பு பிறகு. 27 × 12 துண்டின் இரு குட்டைப் பக்கங்களையும் மடித்துத் தைத்து, நீளவாக்கில் இரண்டாக மடித்து, திறந்த விளிம்பைத் துண்டின் மேல் ஓரத்தோடு பின்புறத்தில் சேர்த்து வையுங்கள். விளிம்பு நாடாவைத் தைக்கும்போது இதுவும் சேர்ந்து தைபட்டுவிடும். குழாயின் கீழ் மடிப்பைப் பின்னர் கையால் அடித்துணியோடு தைத்தால் போதும், ஊசி முன்பக்கம் வராமல்.

இரண்டு நாடாக்களையும் இணைத்து, நீளவாக்கில் மடித்து, முன்பக்கத்தில் ஓரத்தோடு ஓரம் வைத்து 6 மி.மீ. உள்ளே தையுங்கள். மூலைக்கு 6 மி.மீ. முன்பே நிறுத்தி, நாடாவை நேர் மேலே மடித்து, பிறகு கீழே இறக்கி, அடுத்த பக்கத்தைத் தொடருங்கள். மூலைவரை தைத்துவிட்டால் நாடா பின்னால் திரும்பாது. நான்கு பக்கமும் முடிந்ததும் நாடாவைப் பின்னால் திருப்பிக் கையால் தைத்துவிடுங்கள். நாடாவின் நிறம் பின்னணித் துணியின் நிறமே இருக்கட்டும். வேறு நிறம் வைத்தால் கண் முதலில் சட்டத்துக்குப் போகும், பட்டைக்கு வராது.

குழாய்க்குள் 29 செ.மீ. மூங்கில் குச்சியை நுழைத்து மாட்டுங்கள். வெயில் நேராக விழும் சுவர் வேண்டாம். மழைக்காலத்தில் வெளிச்சுவரின் உட்புறமும் வேண்டாம், ஈரம் இழுக்கும். எடுத்து வைப்பதானால் முன்பக்கம் வெளியே தெரியும்படி சுருட்டி வையுங்கள். மடித்தால் மடிப்புக் கோட்டில் பஞ்சு அமுங்கி, பிறையின் நடுவே ஒரு தழும்பு நிற்கும்.

## 12. அடுத்த துண்டுக்கு வேறு வெட்டுகள்

இதே அளவு, இதே அடுக்கு. மாறுவது தையல் மட்டும்.

தாமரைத் தண்டின் வெட்டில் பெரிய துளைகளும் சிறு துளைகளும் வட்டமாக இருக்கும். உள்வெட்டு அப்ளிக்தான், ஆனால் முழு வட்டம் மடிப்பது பிறையைவிடக் கடினம். 1.5 செ.மீ.க்குக் குறைந்த துளைகளை வெட்டாமல் சங்கிலித் தையலில் போட்டுவிடுங்கள்.

பாக்கை இரண்டாக வெட்டினால் வெள்ளையில் பழுப்புக் கோடுகள் வெளியிலிருந்து உள்ளே ஓடும். அதற்கு அப்ளிக் தேவையே இல்லை. சந்தன நிறத் துணியில் காம்புத் தையல், பிறகு கோடுகளுக்கு இடையில் மட்டும் குயில்ட். கோட்டின்மேலேயே குயில்ட் தைத்தால் கோடு புதைந்துவிடும்.

பனந்தடியின் வெட்டில் கறுப்புப் புள்ளிகள் ஓரத்தில் நெருக்கமாக, நடுவில் அருகலாக இருக்கும். அங்கே மேலே சொன்ன விதி தலைகீழ்: முடிச்சுகளைப் பஞ்சு சேர்த்த பிறகே மூன்று அடுக்கும் ஊடுருவப் போட வேண்டும், புள்ளி பள்ளமாகத்தான் இருக்க வேண்டும். பின்புறத்தில் நூல் ஒரு முடிச்சிலிருந்து இன்னொன்றுக்கு 2 செ.மீ.க்கு மேல் தாண்டக் கூடாது. தாண்டினால் அந்த நூல்கள் எங்காவது மாட்டிக்கொள்ளும்.